பிள்ளைகளோடு பப்புக்குப் போகும் முன்: பிரிட்டனில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். மகளின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள், ஞாயிறு பகல் ஒரு மணிக்கு ஆற்றங்கரையில் இருக்கும் பப்பில் விருந்து என்று அழைப்பு வரும். அல்லது வேலையை விட்டுப் போகும் சக ஊழியர் ஒருவர், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று ஒரு பப்பின் பெயரைச் சொல்வார். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டிக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் டாஸ்மாக் கடையின் கம்பி வலையும் அதை ஒட்டிய பாரின் தகரக் கூரையும்தான் கண்முன் வரும். "பச்சப் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போற இடமாப்பா அது?" என்று அவர் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் மது வாங்கவே 21 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கே குடிக்கும் இடமும் குடும்பம் கூடும் இடமும் ஒன்றாக இருந்ததே இல்லை.

பிரிட்டனில் அவை ஒன்றாக இருக்கக்கூடும் என்பதுதான் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது. பப் என்பது "பப்ளிக் ஹவுஸ்", அதாவது பொதுமக்கள் வந்து அமரும் வீடு, என்பதன் சுருக்கம். அந்தப் பெயரின் கீழ் வெள்ளி இரவு கால் வைக்க முடியாத நகரத்துக் குடிக்கூடமும் உண்டு. நாற்காலி உயர்த்திப் போட்டுக் கைக்குழந்தைக்குப் பருப்பு மசித்துக் கொடுக்கக்கூடிய கிராமத்துச் சாப்பாட்டு இடமும் உண்டு. எனவே பிள்ளைகளைப் பப்புக்குள் அனுமதிக்கலாமா என்ற கேள்வியை மொத்தமாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. எந்தப் பப், எந்த நேரம், உடன் வரும் பெரியவர் எத்தனை குவளை குடிக்கப்போகிறார் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

சட்டம் எந்த அளவுக்கு அனுமதிக்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது நடைமுறையில் இருப்பது 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம். அது 2005 நவம்பர் 24 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி 16 வயது நிறையாத ஒருவர், 18 வயது நிறைந்த ஒரு பெரியவர் உடன் இருந்தால், எந்தப் பப்புக்குள்ளும் போகலாம். பெரியவர் இல்லாமல் தனியாக வந்தால், மது அருந்துவதையே முதன்மையாகக் கொண்ட இடத்துக்குள் அவரை விடுவது குற்றம். நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில், அங்கேயே அமர்ந்து மது அருந்த உரிமம் பெற்ற எந்த இடத்துக்கும் தனியாக வரும் பிள்ளைக்கு இடம் இல்லை. அது உணவகமாக இருந்தாலும் சரி. உடன் வரும் பெரியவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அத்தையோ, சித்தப்பாவோ, 18 வயதான அண்ணனோ போதும்.

அந்தச் சட்டம் உள்ளூர் மன்றங்கள் உரிமம் வழங்கும்போது கருத வேண்டிய நான்கு நோக்கங்களை வகுத்திருக்கிறது; பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பது அவற்றில் ஒன்று. ஆகவே ஒரு குறிப்பிட்ட பப்பின் உரிமத்தில், இரவு 8 மணிக்குமேல் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்றோ, சாப்பாட்டு அறையில் மட்டும் இருக்கலாம் என்றோ நிபந்தனை இருக்கலாம். அப்படி நிபந்தனை இல்லாத இடத்திலும் உரிமையாளர் தம் விருப்பப்படி விதி வைத்துக்கொள்ள முடியும். இந்த இடத்தில் நம்மவர் பலருக்கும் ஒரு குழப்பம் வருவதைப் பார்த்திருக்கிறேன். 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வயதை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் கடை, உணவகம் போன்ற சேவைகளைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. எனவே "18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்" என்று வாசலில் பலகை வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. பிள்ளைகளை அனுமதிக்கும் பப்பில் ஒரு தாய் குழந்தைக்குப் பாலூட்டுவதைத் தடுப்பதுதான் அதே சட்டத்தின்படி தவறு. போர்த்திக்கொள்ளுங்கள், கழிவறைக்குப் போங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

பலகையைப் பார்த்ததும் நம் நிறத்தைப் பார்த்துத்தான் மறுக்கிறார்கள் என்று மனம் குன்ற வேண்டாம் என்பதற்காகவே இதை நீட்டிச் சொல்கிறேன். அப்படி மறுத்த காலமும் இருந்தது. பர்மிங்காமுக்கு அருகிலுள்ள ஸ்மெதிக்கில் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் பப்புகளின் சில அறைகளுக்குள் விடாத வழக்கம் இருந்தபோது, 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆண்டே இனவுறவுச் சட்டம் அத்தகைய தடையைச் சட்டவிரோதமாக்கியது. பிறகு அந்த வட்டாரத்தில் பஞ்சாபியர் பப்புகளைத் தாமே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்று "தேசி பப்" என்று அழைக்கப்படும் அந்த இடங்களில், இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் மிக்ஸ்டு கிரில்லைச் சுற்றி மூன்று தலைமுறை உட்கார்ந்திருப்பதைக் காணலாம். முதல்முறை பிள்ளைகளோடு போகத் தயங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இத்தகைய இடத்தைத்தான். உணவும் பழகியது, குழந்தையின் கூச்சலுக்கு முகம் சுளிப்பவரும் குறைவு.

ஸ்காட்லாந்தின் முறை வேறு. அங்கே 2009 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டத்தின்படி, பிள்ளைகளுக்கு அனுமதி உண்டா, எந்த வயதினருக்கு, எந்த நேரம் வரை, கட்டடத்தின் எந்தப் பகுதியில் என்பதை ஒவ்வொரு பப்பும் தன் உரிமத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாசலிலும் அறிவிப்பு இருக்கும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிக்கும் இடத்தில் டயப்பர் மாற்றும் வசதி இருக்க வேண்டும், அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. ஐரோப்பியப் பயணத்தில் அயர்லாந்துக் குடியரசுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: அங்கே 15 வயது நிறையாத பிள்ளை பெற்றோருடனோ காப்பாளருடனோதான் இருக்கலாம், பொதுவாக இரவு 9 மணி வரை, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி வரை.

இந்த வாசல் எப்படித் திறந்தது

ஆங்கிலேயர் எக்காலத்திலும் பிள்ளைகளைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். விக்டோரியா காலத்தில் அப்பாவுக்குப் பியர் வாங்கிவரக் குழந்தையிடம் கூஜாவைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. வழியில் குழந்தை நாலு வாய் குடித்துவிடும். 1901-இல் வந்த ஒரு சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் தக்கை அடைத்து முத்திரையிட்ட பாத்திரத்தில் அல்லாமல் மதுவைக் கொடுத்தனுப்பக் கூடாது என்றது. 1908-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அந்த வயதினரைப் பாருக்குள் விடுவதையே தடை செய்தது. அந்தத் தடை ஏறத்தாழ நூற்றாண்டு காலம் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் ஆங்கிலேயரிடம் கேட்டுப் பாருங்கள்: அப்பா உள்ளே இருக்க, தாங்கள் காருக்குள் ஒரு புட்டி லெமனேடோடும் உப்பை நீலத்தாளில் மடித்துப் போட்ட ஒரு பொட்டலம் கிரிஸ்ப்ஸோடும் காத்திருந்த கதையைச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருத்தம் தெரியாது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1990-களின் நடுவில், பெரியவரோடு வரும் பிள்ளைகளை இரவு 9 மணி வரை பாருக்குள் அனுமதிக்கும் சிறப்புச் சான்றிதழ் முறை இங்கிலாந்தில் வந்தது. 2007 ஜூலை 1 அன்று இங்கிலாந்துப் பப்புகளுக்குள் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. குழந்தையை உள்ளே கூட்டிச்செல்வதற்கு இருந்த மிகப் பெரிய உடல்நலத் தடை அன்றுதான் நீங்கியது என்று நான் நினைக்கிறேன். இதற்கிடையே வணிகமும் மாறியது. 1991-இல் லண்டனின் ஃபாரிங்டன் சாலையில் "தி ஈகிள்" தொடங்கிவைத்த பாணியைப் பின்பற்றி, நல்ல சமையலை முன்வைக்கும் பப்புகள் பெருகின. 2000-ஆம் ஆண்டு வாக்கில் 60,000-க்கு மேல் இருந்த பப்புகள் இப்போது 45,000 அளவுக்குச் சுருங்கிவிட்ட நிலையில், பியரை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்பதை உரிமையாளர்கள் அறிவார்கள். குழந்தைக்கான உயர நாற்காலியும் வண்ணப் பென்சிலும் மேசைக்கு வருவதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை.

எந்தப் பப், எந்த நேரம்

போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து மூன்று விவரங்களைக் கேட்டுவிடுவது நல்லது: பிள்ளைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பீர்கள், எந்தப் பகுதியில் அமரலாம், சமையலறை எப்போது மூடும். மூன்றாவதைத்தான் நம்மவர்கள் கேட்க மறக்கிறார்கள். கிராமத்துப் பப்புகள் பலவற்றில் பகல் உணவு இரண்டரை மணியோடு முடிந்து, அடுப்பு மீண்டும் மாலை ஆறு மணிக்குத்தான் பற்றவைக்கப்படும். நாம் மூன்றரை மணிக்குப் பசித்த பிள்ளைகளோடு போய் நின்றால் கிடைப்பது ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் உணவு நாலு மணி வரை நீள்வது வழக்கம், ஆனால் இடம் முன்பதிவு செய்யாமல் கிடைப்பது அரிது.

நேரத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. பகலில் போங்கள், மாலை ஏழு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஒன்பது மணி வரை அனுமதி என்று பலகை சொன்னாலும் அதைக் கடைசித் துளி வரை பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஏழு மணிக்குப் பிறகு அதே அறையில் குரல்களின் சுருதி ஏறுவதையும், மேசைகளுக்கு இடையே நடப்பவர்களின் கால் சற்றுத் தள்ளாடுவதையும், வசைச்சொற்கள் இயல்பாக வந்து விழுவதையும் உணரலாம். குழந்தைக்கும் அது தூங்கப்போகும் நேரம். நாங்கள் ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் மறந்து உட்கார்ந்திருந்தபோது, பணிப்பெண் ஒருவர் குனிந்து, "இன்னும் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கான நேரம் முடிகிறது" என்று மென்மையாகச் சொன்னார். எழுந்து வெளியே வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு சேர்வதற்குள் அவர் சொன்னது சரி என்று தோன்றிவிட்டது.

கால்பந்துப் போட்டி பெரிய திரையில் ஓடும் நாளில் போகாதீர்கள். நகர மையத்தில் வெள்ளி, சனி இரவுகளில் போகாதீர்கள். மைக்ரோபப் எனப்படும் ஒற்றை அறைப் பப்புகளையும் விட்டுவிடுங்கள். கென்ட் மாவட்டத்தின் ஹெர்ன் என்ற ஊரில் 2005-இல் ஒரு பழைய இறைச்சிக் கடையில் தொடங்கிய அந்த வகை, இசையும் இயந்திரமும் இல்லாமல் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே உருவானது. அத்தகைய இடம் பிள்ளைகளை மறுத்தால் நான் அதன் பக்கமே நிற்பேன். நாள் முழுதும் குழந்தையைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் குழந்தைக் குரல் கேட்காத இடத்தில் உட்கார வேண்டும் என்று வரும் பெற்றோரும் அங்கே இருக்கக்கூடும் அல்லவா?

வாசலில் நின்று ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள். உள்ளே வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, மேசைகளில் தட்டுகள் இருக்கின்றனவா, வெறும் குவளைகள்தானா என்பது எந்த விமர்சனத்தையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

உள்ளே போன பிறகு

பெரும்பாலான பப்புகளில் யாரும் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். முதலில் மேசை பிடித்து, அதன் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் மட்டும் பார் மேடைக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். மேடையில் வரிசை இருக்காது. ஆனால் தமக்கு முன்னால் வந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிள்ளையை மேடை அருகே நிறுத்தாதீர்கள், அங்குள்ள உயர்ந்த முக்காலியில் ஏற்றி உட்காரவைக்காதீர்கள். பல பப்புகள் அதை விதியாகவே வைத்திருக்கின்றன. பத்து வயது மகனிடம் பணத்தைக் கொடுத்து, "அப்பாவுக்கு ஒரு பைன்ட் வாங்கிட்டு வா" என்று அனுப்பவே கூடாது. மதுவை அவனிடம் விற்பது குற்றம். அனுப்பிய அப்பாவை எல்லோரும் பார்ப்பார்கள்.

பானங்களின் பெயர்கள் நம்மை ஏமாற்றக்கூடியவை. இங்கே லெமனேட் என்றால் எலுமிச்சைச் சாறு அல்ல, நுரைக்கும் இனிப்புச் சோடா. அதில் மது இல்லை. ஷாண்டி என்பதில் பாதி பியர். ஜிஞ்சர் பியர் பெரும்பாலும் மதுவற்றது, ஆனால் மது கலந்த வகைகளும் புட்டியில் விற்கின்றன. கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் தடுமாறுவது சைடரில்: அங்கே அது பெரும்பாலும் ஆப்பிள் சாறு, பிரிட்டனில் அது பியரைப் போலவோ அதைவிடக் கூடுதலாகவோ போதை உள்ள மது. பிள்ளைக்கு ஸ்குவாஷோ ஆப்பிள் சாறோ கேளுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் கேட்டாலும் இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிம நிபந்தனை, கூச்சப்பட வேண்டாம்.

உணவில் நம் வீட்டுப் பழக்கங்களைப் பொறுத்துச் சில எச்சரிக்கைகள் தேவை. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டில் கோழியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மாட்டிறைச்சி இல்லை என்று நிம்மதியடைந்து விடாதீர்கள். மேலே ஊற்றும் கிரேவி மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம், கூடவே வரும் யார்க்ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டமும் உருளைக்கிழங்கும் மாட்டுக் கொழுப்பில் சமைத்தவையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கான பட்டியலில் உள்ள சாசேஜ், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், பன்றி இறைச்சி. சைவம் என்றால் கிரேவியும் சைவமா, ஒரே எண்ணெயில் பொரிக்கிறீர்களா என்று இரண்டையும் கேளுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு நிலைமை எளிது: நிலக்கடலை, பால், முட்டை, எள் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களில் எவை ஒரு உணவில் உள்ளன என்று கேட்டால் சொல்ல வேண்டியது அவர்களுடைய சட்டக் கடமை. காரம் இல்லையே என்று கைப்பையிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து மேசைமேல் வைப்பதை மட்டும் தவிர்க்கலாம். வெளி உணவை எந்தப் பப்பும் விரும்பாது. கைக்குழந்தையின் உணவு மட்டும் பொதுவாக அதற்கு விலக்கு.

இனி ஓட்டம். திருமண மண்டபத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதை நாம் கண்டுகொள்வதில்லை. அங்கே அது இயல்பும்கூட. பப்பில் அப்படி இல்லை. மூன்று சூடான தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வரும் பணியாளருக்குத் தன் இடுப்புக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று தெரியாது. பழைய பப்புகளில் கணப்பு அடுப்பு திறந்தபடி எரியும். மேடைக்குப் பின்னால் நிலவறைக்குப் போகும் கதவு தரையிலேயே இருக்கும். மூலையில் யாரோ ஒருவருடைய நாய் தூங்கிக்கொண்டிருக்கும். டார்ட்ஸ் எனப்படும் சிறு ஈட்டிகளை எறியும் பலகைக்கு முன்னால் யாரும் குறுக்கே போகக் கூடாது என்று வந்தவுடனேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். மின்னி மின்னி அழைக்கும் பரிசு இயந்திரம் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமான சூதாட்டம்; ஒரு ஆட்டத்துக்கு ஒரு பவுண்டு வரை விழுங்கக்கூடியது. விளையாட்டுப் பொருள் என்று நினைத்துப் பொத்தானைத் தட்டவிடாதீர்கள்.

கோடையில் பின்புறத் தோட்டம் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். உட்காருமுன் அதற்கு வேலி இருக்கிறதா, அது வாகன நிறுத்தத்திலோ ஓடைக்கரையிலோ போய்த் திறக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் இனிப்புப் பானங்களை மூடிவையுங்கள். குளவிகள் குவளைக்குள் இறங்கும். புகைபிடிப்பவர்களும் தோட்டத்தில்தான் இருப்பார்கள் என்பதால் காற்று வீசும் திசையைப் பார்த்து மேசையைத் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளை எதைப் பார்க்கிறது

பப்பில் பிள்ளைக்கு நேரக்கூடிய தீங்கு என்று பலரும் அஞ்சுவது அந்நியரைப் பற்றி. எனக்கு அந்த அச்சம் குறைவு. பிள்ளை உற்றுப் பார்ப்பது பக்கத்து மேசையை அல்ல, தன் அப்பாவின் குவளையை. சாப்பாட்டோடு ஒரு குவளையை மெதுவாகக் குடித்துவிட்டு எழுந்து போகும் பெரியவரையும், மூன்றாவது குவளைக்குப் பிறகு குரல் உயர்ந்து, கண் சிவந்து, அம்மாவின் முகம் இறுகும்படி பேசும் பெரியவரையும் பிள்ளை மிகத் துல்லியமாகப் பிரித்தறியும். எனவே பிள்ளையோடு போகும் நாளில் எத்தனை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நண்பர்கள் மாறி மாறி எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கும் வழக்கத்தில் சேர்ந்தால் அந்தக் கணக்கு நம் கையில் இருக்காது. ஐந்து பேர் என்றால் ஐந்து சுற்று. "பிள்ளைகள் இருக்கிறார்கள், என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொன்னால் எவரும் தவறாக நினைப்பதில்லை.

இதில் சட்டமும் உண்டு. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொது இடத்திலோ பப்பிலோ போதையில் இருப்பது 1902-ஆம் ஆண்டிலிருந்தே இங்கிலாந்தில் குற்றம். ஸ்காட்லாந்தில் அந்த வயது வரம்பு 10. வண்டி ஓட்டுவதற்கான இரத்த மது அளவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்றும், ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50 மில்லிகிராம் என்றும் உள்ளன. இந்த எண்களை வைத்து, அப்படியானால் நான் எவ்வளவு குடிக்கலாம் என்று கணக்குப் போடுவது வீண். வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அன்று எலுமிச்சைச் சோடாதான் குடிக்க வேண்டும்.

"ஒரு வாய் ருசி பார்க்கட்டுமே" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். 5 வயது நிறையாத குழந்தைக்கு, மருத்துவக் காரணம் இன்றி, மது கொடுப்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அது வீட்டுக்கும் பொருந்தும். சளிக்குத் தேனில் இரண்டு சொட்டுப் பிராந்தி கலந்து நாக்கில் தடவும் நம் ஊர்க் கைவைத்தியத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். 16, 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு விதிவிலக்கு உண்டு: மேசையில் அமர்ந்து உணவு உண்ணும்போது, உடன் இருக்கும் 18 வயது நிறைந்தவர் வாங்கிக் கொடுத்தால், பியரோ வைனோ சைடரோ குடிக்கலாம். விஸ்கி, வோட்கா போன்றவை கூடாது. ஒரு பொட்டலம் கிரிஸ்ப்ஸ் உணவாகக் கருதப்படாது. சட்டம் இடம் கொடுத்தாலும் பப் மறுக்கலாம். பழக்கிவிட்டால் பின்னால் அளவோடு இருப்பான் என்று ஆங்கிலேய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் 15 வயது வரை மதுவே தொடாத பிள்ளைப் பருவம்தான் நல்லது என்று இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2009-இல் அறிவுறுத்தினார். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் சட்டம் திறந்துவைத்த சன்னலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நீங்கள் குடிக்கலாம், நான் ஏன் குடிக்கக் கூடாது?" என்று பிள்ளை கேட்டால், அது கெட்ட பொருள் என்று சொல்லிக்கொண்டே அடுத்த மிடறு குடிப்பது உதவாது. வளரும் மூளைக்கும் ஈரலுக்கும் அது தீங்கு, பெரியவர்களுக்கும் அளவு மீறினால் தீங்கு, எனவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி நிறுத்த வேண்டும்.

ஒரு வகைக் குடும்பத்துக்கு மட்டும் இந்த வழிகாட்டி முழுவதும் பொருந்தாது. குடியால் அடிபட்ட வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அப்பாவோ தாத்தாவோ குடித்துச் சீரழிந்த நினைவு அம்மாவின் மனத்தில் ஆறாமல் இருந்தால், பியரின் வாடையே அவருக்குப் பழைய இரவுகளைத் திருப்பிக் கொண்டுவரும். குடியை விட்டு மீண்டுவரும் ஒருவர் குடும்பத்தில் இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பிறந்தநாள் விருந்துக்கு ஒரு பரிசை மட்டும் அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் அந்தத் தோழியை வீட்டுக்கு அழைத்து இட்லி கொடுக்கலாம். காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது

மேசையை ஒருமுறை துடைத்துவிட்டு, கீழே சிந்தியதைப் பொறுக்கிவிட்டு, காலிக் குவளைகளைப் பார் மேடையில் கொண்டுபோய் வைத்தால், அடுத்த முறை அங்கே நல்ல மேசை கிடைக்கும். இரண்டு வண்டிகளில் வந்திருந்தால் எந்தப் பிள்ளை எந்த வண்டியில் என்று வாய்விட்டுச் சொல்லி எண்ணுங்கள். பக்கிங்காம்ஷயரில் காட்ஸ்டன் என்ற ஊரில் உள்ள பப்பில் ஞாயிறு உணவு முடித்த டேவிட் கேமரன், பிரதமராக இருந்த காலத்திலேயே, தம் எட்டு வயது மகளை அங்கேயே விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். மகள் அம்மாவின் வண்டியில் இருக்கிறாள் என்று அப்பாவும், அப்பாவின் வண்டியில் இருக்கிறாள் என்று அம்மாவும் நினைத்திருந்தார்கள். செய்தி 2012 ஜூனில் வெளியானபோது நாடே சிரித்தது. சிறுமி கழிவறைக்குப் போயிருந்தாள், பத்திரமாகக் கிடைத்தாள். ஆகவே வண்டியைக் கிளப்புமுன் கழிவறைக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.